மருத்துவமனையின் வெளியேறும் வழியில் வெளிச்சம்: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

2024 டிசம்பர் 12 அன்று இரவு, திண்டுக்கல்லில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. ஒரு சிறுமி உட்பட ஆறு பேர் உயிரிழந்தனர். மின்தூக்கிக்குள் மயங்கிக் கிடந்தவர்களை மீட்புப் பணியாளர்கள் வெளியே கொண்டுவந்தனர். அதற்கு நான்கு வாரங்களுக்கு முன், நவம்பர் 15 இரவில், உத்தரப் பிரதேச மாநிலம் ஜான்சியின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு தீக்கிரையானது. அன்றிரவே பத்துக் குழந்தைகள் இறந்தன. 2021 ஜனவரி 9 அன்று மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையிலும் பத்துப் பச்சிளங்குழந்தைகள் இவ்வாறே இறந்தன. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றில் சுமார் 90 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, புகை.

இந்நிகழ்வுகள் நான்கும் இரவிலோ விடியலுக்கு முன்போ நேர்ந்தவை. நான்கிலும் இருந்தவர்கள் தாமாக எழுந்து ஓட இயலாதவர்கள், அல்லது அவர்களைச் சுமந்து செல்ல வேண்டியவர்கள். ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் மின்கசிவு, உரிமம், தீயணைப்பான் ஆகியவை விவாதிக்கப்படுகின்றன. அவை தேவையான விவாதங்களே. ஆயினும் நோயாளியின் படுக்கையிலிருந்து பார்த்தால் வேறொரு கேள்வி முன்நிற்கிறது: மின்சாரம் நின்ற நொடியில் வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிந்ததா? அக்கேள்விக்குச் சட்டம் என்ன விடை வைத்திருக்கிறது, அதில் உங்கள் பங்கு எது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

புகையும் இருளும் உடலுக்குச் செய்வது

தீ விபத்தில் முதலில் செயலிழப்பது கண், அடுத்தது அறிவுத்தெளிவு. எரியும் நெகிழியும் மெத்தை நுரையும் வெளியிடும் எரிச்சலூட்டும் வாயுக்களால் கண்ணீர் பெருகி இமைகள் தாமாக மூடிக்கொள்கின்றன. அதே புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு இணைகிறது. அதனால் மூளைக்குச் செல்லும் ஆக்சிஜன் குறைந்து தலைவலி, குழப்பம், கால் தளர்ச்சி ஆகியவை தோன்றுகின்றன. நன்கு பழகிய வழியைக்கூட மறந்து, வந்த திசையிலேயே திரும்பி நடப்பவர்கள் உண்டு.

நோயாளிகளுக்கு இச்சிக்கல் இன்னும் கூடுதல். வெளிச்சத்திலிருந்து திடீரென இருளுக்கு மாறும் கண், அதற்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். வயது ஏற ஏறக் கண்பாவை சுருங்குகிறது, விழிலென்சு மஞ்சளிக்கிறது. இருபது வயது இளைஞரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகிறது. கண்புரை உள்ளவர்கள், நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், மயக்க மருந்தின் தாக்கம் நீங்காதவர்கள் ஆகியோருக்கு மங்கிய வெளிச்சமும் இருளும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே மருத்துவமனையில் வெளியேறும் வழியின் விளக்கைக் கட்டட அலங்காரமாகக் கருதலாகாது. அது ஆக்சிஜன் குழாயைப் போன்ற உயிர்காப்புச் சாதனம்.

விதி என்ன கேட்கிறது?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, தன் நான்காம் பகுதியில் தீப் பாதுகாப்பை விரித்துரைக்கிறது. வெளியேறும் வழிகளின் விளக்குகள் குறித்து அது கேட்பவற்றுள் நோயாளிகள் அறிய வேண்டியவை சில.

தரையில் விழும் ஒளி முதலாவது. வெளியேறும் வழியின் நடுக்கோட்டில், தரை மட்டத்தில், குறைந்தது 10 லக்ஸ் வெளிச்சம் இருக்க வேண்டும். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மீது விழும் ஒளியின் அளவு. முழுநிலவு நாளில் தரையில் விழும் ஒளி ஏறத்தாழ கால் லக்ஸ்தான். 10 லக்ஸில் புத்தகம் படிப்பது கடினம். ஆனால் படியின் விளிம்பையும் தரையில் கிடக்கும் பையையும் காண முடியும். விதி கேட்பது அவ்வளவே. அதற்குக் குறைந்தால் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் தடுக்கி விழுவார்.

மின்சாரம் வரும் வழி இரண்டாவது. அவசர விளக்குக்கான மின்சாரம், வழக்கமான விளக்குகளுக்கு மின்சாரம் தரும் அமைப்பைச் சாராததாக இருக்க வேண்டும். வழக்கமான மின்சாரம் நின்றதும் அது எவருடைய கையையும் எதிர்பாராமல் எரிய வேண்டும். ஒரு விளக்கு பழுதானால் அதனால் மற்றவை அணையக் கூடாது.

மூன்றாவது, எரியும் காலம். கட்டடம் எவ்வளவு சிறியதாயினும் அவ்விளக்குகள் குறைந்தது ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து எரிய வேண்டும். நடக்க இயலாத நோயாளிகளை ஒவ்வொருவராக வெளியேற்ற வேண்டிய இடத்தில் இக்கால அளவு மிகையன்று.

நான்காவது, இடம். வெளிவாசல், நடைபாதைகள் சந்திக்கும் முனை, திரும்பும் வளைவு, ஒவ்வொரு படிக்கட்டு, தரைமட்டம் மாறும் இடம், தீ எச்சரிக்கைப் பொத்தான், தீயணைப்புக் கருவி ஆகியவற்றுக்கு அருகில் விளக்கு இருக்க வேண்டும். இறுதி வாசலைக் கடந்த வெளிப்புறத்திலும் ஒன்று வேண்டும். வாசலுக்கு வெளியே இருட்டாயின் முன்செல்பவர் தயங்கி நிற்பார். பின்வருபவர் அவர்மீது மோதுவார்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்க. ஓடும் மனித உருவம் வரைந்த பச்சைப் பலகை திசையைக் காட்டுகிறது. தரையை ஒளியூட்டுவது வேறொரு விளக்கு. பலகை மட்டும் ஒளிர்ந்து படிகள் இருட்டில் இருந்தால் விதி பாதியே நிறைவேறியதாகும். சில இடங்களில் ஒட்டப்பட்டுள்ள, இருளில் தானே ஒளிரும் பட்டைகள் அதுவரை மேலே விழுந்த வெளிச்சத்தைச் சேமித்தே ஒளிர்கின்றன. நடைபாதை விளக்குகளை இரவு முழுவதும் அணைத்து வைத்தால் அவை மெல்ல மங்கிவிடும்.

ஜெனரேட்டர் போதாதா?

மருத்துவமனைகளில் நாம் பெரும்பாலும் கேட்கும் விடை, ஜெனரேட்டர் இருக்கிறது என்பதே. அது மின்வெட்டுக்குப் போதிய விடை, தீக்கு அன்று. தீப்பிடித்ததும் மேலும் பரவாமல் தடுக்கக் கட்டடத்தின் மின்இணைப்பைத் துண்டிப்பது வழக்கம். தீ மின்அறையிலேயே தொடங்கினால் ஜெனரேட்டரின் கம்பிகளும் அதிலேயே கருகும். எனவேதான் தனக்குள்ளேயே மின்கலம் கொண்ட விளக்குகள் தேவைப்படுகின்றன.

மற்றொன்றையும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். அடர்ந்த கரும்புகையை எந்த விளக்கும் ஊடுருவாது. வெளியேறும் வழி விளக்கு நமக்கு அளிப்பது, புகை அடர்வதற்கு முந்தைய சில நிமிடங்கள். அந்நிமிடங்களில் எடுக்கும் முடிவே பலருடைய உயிரை நிர்ணயிக்கிறது.

விதிக்கும் சுவரிலுள்ள விளக்குக்கும் இடையே

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் விளக்கு ஏன் எரிவதில்லை? தேசியக் கட்டட விதித் தொகுப்பு தன்னளவில் ஒரு பரிந்துரை. மாநில அரசுகள் தம் கட்டட விதிகள் வழியாகவும் தீயணைப்புச் சட்டங்கள் வழியாகவும் ஏற்கும்போதே அது கட்டாயமாகிறது. ஆகவே கண்டிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. குடியிருப்பாகவோ வணிக வளாகமாகவோ கட்டப்பட்டுப் பின்னர் மருத்துவமனையாக மாற்றப்பட்ட கட்டடங்களில் இரண்டாவது படிக்கட்டுக்கே இடம் இருப்பதில்லை. பழைய அரசுக் கட்டடங்களும் இக்குறைக்கு விலக்கல்ல.

இவற்றைவிட எளிய காரணம் ஒன்றும் உண்டு. அவசர விளக்கு பழுதானால் எவருக்கும் தெரிவதில்லை. வழக்கமான விளக்கு எரியாவிட்டால் அன்றே புகார் வரும். அவசர விளக்கின் மின்கலம் சில ஆண்டுகளில் ஓசையின்றி வலுவிழக்கிறது. விபத்து நேரும் வரை அது நலமாக இருப்பதாகவே தோன்றும். சான்றிதழ், ஆய்வு நடந்த நாளின் நிலையை மட்டுமே சொல்லும். பல ஆண்டுகளுக்கு முன் நான் இரவுப் பணியில் இருந்தபோது மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் இயங்கும் வரை படிக்கட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. தாயைக் கைத்தாங்கலாக அழைத்து இறங்கிக்கொண்டிருந்த மகன், கைப்பேசி வெளிச்சத்தில் படிகளை எண்ணிக்கொண்டு நின்றார். மறுநாள் பார்த்தபோது விளக்குகள் அனைத்தும் அவற்றின் இடத்தில் இருந்தன; மின்கலங்கள் செத்திருந்தன. அப்படிக்கட்டில் நாள்தோறும் ஏறி இறங்கிய நானும் அதுவரை அவற்றைச் சோதித்துப் பார்க்கக் கேட்டதில்லை.

2020 நவம்பரில் ராஜ்கோட்டின் கொரோனா மருத்துவமனை ஒன்றில் நேர்ந்த தீ விபத்துக்குப் பின், ஒவ்வொரு மாவட்டத்திலும் குழு அமைத்துக் கொரோனா மருத்துவமனைகளில் மாதம் ஒருமுறையேனும் தீப் பாதுகாப்பு ஆய்வு நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் உத்தரவிட்டது. அந்த மாதாந்தர ஒழுங்கே இங்குத் தேவையானது. விளக்குக்கு மின்சாரம் வரும் வழியைச் சில நொடிகள் துண்டித்துப் பார்க்க ஒரு பணியாளரும் ஒரு பதிவேடும் போதும். பெருஞ்செலவு இல்லை. இச்சோதனை செய்யப்படாமல் விடுபடுவதற்கு, அதை எவரும் கேட்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

சேர்ந்த முதல் நாளில் நீங்கள் பார்க்க வேண்டியவை

நோயாளியைப் படுக்கையில் சேர்த்த பின், உடனிருப்பவர் பத்து நிமிடம் ஒதுக்கிப் பின்வருவனவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

• படுக்கையிலிருந்து அருகிலுள்ள படிக்கட்டு வரை நடந்து பாருங்கள். இடையில் எத்தனை கதவுகள், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழி ஒன்று உண்டா எனவும் அறிந்துகொள்ளுங்கள்.

• அவ்வழியின் கதவு திறக்கிறதா, பூட்டப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி எவரிடம் உள்ளது என்று செவிலியரிடம் கேளுங்கள்.

• அவசர விளக்குகளில் மின்னேற்றத்தைக் காட்டும் சிறு புள்ளி விளக்கு ஒளிர்கிறதா எனக் கவனியுங்கள். தங்கியிருக்கும் நாள்களில் மின்வெட்டு நேர்ந்தால், படிக்கட்டில் விளக்கு எரிந்ததா எனப் பாருங்கள். அதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

• நீங்கள் இரவில் விரிக்கும் பாய், வைக்கும் பை, சாப்பாட்டுக் கூடை ஆகியவை வழியை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கத்துக்கு இடையூறு எனக் கருதி நடைபாதை விளக்குகளை அணைக்கச் சொல்லாதீர்கள்.

• நோயாளியின் கண்ணாடியும் காலணியும் இரவில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தீ நேர்ந்தால்

உரக்கக் கூவிப் பணியாளர்களுக்கு அறிவியுங்கள். 101 அல்லது 112 என்ற எண்ணை அழையுங்கள். மின்தூக்கியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். மின்சாரம் நின்றால் அது தளங்களுக்கு இடையே நின்றுவிடும். புகை அதன் குழாய்வழியே மேலேறும். புகை மேலே திரள்வதால் தாழக் குனிந்து செல்லுங்கள். கடந்து வந்த கதவைச் சாத்திவிடுங்கள்.

நடக்க இயலாத நோயாளியை உடனே படிக்கட்டில் இறக்க முயல வேண்டியதில்லை. அதே தளத்தில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பால் உள்ள பாதுகாப்பான பகுதிக்கு முதலில் நகர்த்துவதே மருத்துவமனைகளுக்கு உரிய முறை. எங்கு நகர்த்த வேண்டும் என்பதைப் பணியாளர்கள் சொல்வார்கள். கட்டில் நகராவிட்டால் போர்வையோடு தரையில் இறக்கி இழுத்துச் செல்லலாம். ஆக்சிஜன், ஊசிவழி மருந்து ஆகியவற்றை எவ்வாறு கழற்றுவது என்பதைச் செவிலியரிடம் விட்டுவிடுங்கள். அவர் அருகில் இல்லாது புகை நெருங்கினால் நோயாளியை நகர்த்துவதே முதன்மை.

குறை கண்டால்

முதலில் செவிலியர் கண்காணிப்பாளரிடமோ நிலைய மருத்துவ அலுவலரிடமோ தெரிவியுங்கள். எந்தத் தளம், எந்தப் படிக்கட்டு, எந்த நாள் என்று எழுதிக் கொடுத்தால் அது பதிவாகும். தீர்வு இல்லையெனில், தமிழ்நாட்டில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் மாவட்ட அலுவலரிடமும், மாவட்டத்தின் நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், 1100 என்ற முதலமைச்சரின் உதவி எண்ணிலும் முறையிடலாம். முறையிடுவதால் உங்கள் நோயாளியின் சிகிச்சை பாதிக்கப்படுமோ என அஞ்ச வேண்டியதில்லை. குறையைச் சுட்டுவது உங்கள் உரிமை. இன்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் இரண்டு வரிகளால் மாற்றப்படும் மின்கலம், அதே படுக்கைக்கு அடுத்து வரும் நோயாளிக்கும் பயன்படும்.