உறங்குபவரின் மூச்சுக்குப் பொறுப்பு யார்?



நம் குடும்பத்தில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால் நாம் முதலில் கேட்பது, "எந்த டாக்டர் ஆபரேஷன் செய்கிறார்?" என்பதே. "மயக்க மருந்து கொடுப்பவர் யார்?" என்று கேட்பவரைக் காண்பது அரிது. கத்தி பிடித்தவரின் பெயர் ஊரெங்கும் பேசப்படுகிறது. நோயாளியின் தலைமாட்டில் நின்று, அவர் கண் விழிக்கும் வரை மூச்சையும் இதயத் துடிப்பையும் காத்தவரின் பெயரோ வீட்டாருக்கே தெரிவதில்லை.

சிற்றாறு தாமிரபரணியில் வந்து கலக்கும் சீவலப்பேரியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பெரிய நோய் என்றால் மக்கள் நாடிச் செல்வது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியைத்தான். 1965ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மாணவர்களுக்கு அதுவே பாடசாலையும் ஆகும். ஆகவே, அங்கே தலைமாட்டில் நிற்பவர் பேராசிரியராகவும் இருக்கலாம்; மயக்கவியலில் 3 ஆண்டு மேற்படிப்புப் பயிலும் இளம் மருத்துவராகவும் இருக்கலாம். இதை அறிந்ததும், "எங்கள் வீட்டுப் பெண்ணின் உடம்பிலா இவர்கள் பாடம் படிக்க வேண்டும்?" என்று சிலர் பதைக்கின்றனர். அந்தப் பதைப்பு இயல்பானது. ஆனால், இக்கல்வி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிந்துகொண்டால் அச்சம் குறையும். நம் கடமையும் விளங்கும்.

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியை முகரச் செய்து ஒரு நோயாளியை உணர்விழக்க வைத்தார். வலியறியாமல் அறுவை நடந்தது. அடுத்த ஆண்டே கல்கத்தாவிலும் ஈதர் பயன்படுத்தப்பட்டது. உணர்வை நீக்க மருந்து போதும்; ஆனால், உணர்வற்றவரை உயிருடன் திரும்பக் கொணர்வதற்குக் கல்வி வேண்டும். ஆழ்ந்த மயக்கத்தில் நாக்கு பின்னே சரிந்து மூச்சுவழியை அடைக்கும். தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்தால் மூச்சே நின்றுவிடும். அப்போது தாடையை உயர்த்தி, முகமூடி பொருத்தி, பையை அழுத்திக் காற்றூட்ட வேண்டும். பிறகு குரல்வளை வழியே மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்த வேண்டும். அது தவறி உணவுக்குழலில் இறங்கி, அத்தவறு உடனே அறியப்படாவிட்டால், சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து.

இதனை நூல் வாசித்து மட்டும் கற்றுவிட முடியுமா? மாணவர்கள் முதலில் மனித உருவப் பொம்மையின் மீது பழகுகின்றனர். பிறகு ஆசிரியர் செய்வதைப் பார்க்கின்றனர். அதன் பின்னரே ஆசிரியர் அருகில் நிற்க, தாமே செய்கின்றனர். வெளிவிடும் மூச்சில் கரியமிலவாயு வருகிறதா என்று காட்டும் கருவி, குழாய் சரியான இடத்தில் இருப்பதை உறுதி செய்கிறது. மாணவரின் கை தடுமாறினால் அக்கணமே ஆசிரியரின் கை முன்வர வேண்டும்.

மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவர்களுக்கு இம்முறை புதிதன்று. எந்த எழுத்து தொண்டையின் எப்பகுதியிலிருந்து பிறக்கிறது என்பதைக் கிதாபில் படிக்கலாம். எனினும், உஸ்தாதின் முன் அமர்ந்து, அவர் காது கேட்க ஓதித் திருத்திக்கொள்ளாமல் மக்ரஜ் சரியாவதில்லை. மாணவன் தானே ஓத இடம் கொடுக்க வேண்டும். பிழை நேரும் இடத்தில் நிறுத்தவும் வேண்டும். அங்கே பிழைத்தால் மீண்டும் ஓதலாம். இங்கே பிழைத்தால் ஓர் உயிர். அதனால்தான் மயக்கவியல் ஆசிரியரின் பொறுப்பு மிகப் பெரிதாகிறது.

ஆசிரியர் கற்பிப்பதே பாதி உண்மையாக இருந்தால் என்ன ஆகும்? நம் நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. 1846இல் ஹைதராபாத்தில் நிறுவப்பட்ட மருத்துவப் பள்ளியே இன்றைய உஸ்மானியா மருத்துவக் கல்லூரி. அதன் தலைவராக இருந்த எட்வர்டு லாரி, குளோரோஃபார்ம் கொடுக்கும்போது மூச்சைக் கவனித்தால் போதும், அம்மருந்து நேராக இதயத்தை நிறுத்தாது என்று மாணவர்களுக்குக் கற்பித்தார். லண்டன் மருத்துவர்கள் இதை மறுத்தனர். 1888இல் ஓர் ஆய்வுக் குழு லாரியின் கருத்தை ஆதரித்தது. நிஜாம் மீர் மஹ்பூப் அலீ கான் 1000 பவுன் வழங்க, 1889இல் லண்டனிலிருந்து அறிஞர் லாடர் பிரண்டன் வந்து சேர்ந்த இரண்டாம் குழுவும் அவ்வாறே கூறியது. ஆனால் 1911இல் குட்மன் லெவி என்பார், குளோரோஃபார்ம் இதயத் துடிப்பைச் சிதறடித்துத் திடீரென நிறுத்தவும் கூடும் என்று ஆய்வால் நிறுவினார். மூச்சைக் கவனி என்ற பாடம் சரி. இதயத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்ற பாடம் தவறு. இன்று மயக்க நிலையிலுள்ளவரின் மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ஆகிய அனைத்தையும் விடாமல் கவனிக்கவே மாணவர்கள் பயிற்றப்படுகின்றனர்.

அதே லாரியிடம் பயின்ற ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பெண்மணி, குளோரோஃபார்ம் கொடுப்பதையே தம் பணியாகக் கொண்டு ஹைதராபாத் மருத்துவமனைகளில் தொண்டாற்றினார். பெண்கள் மருத்துவம் கற்பதே அரிதாயிருந்த காலம் அது என்பதை நம் பெண்மக்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி நம் பங்கு என்ன என்று பார்ப்போம். அறுவைக்கு முன் மருத்துவர் நம்மை உட்காரவைத்து, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொல்கிறார். அது வெறும் சடங்கன்று. உள்நாக்கும் தொண்டையின் பின்புறமும் எவ்வளவு தெரிகின்றன என்பதைக் கொண்டு, குழாய் செலுத்துவது கடினமாகுமா என்று முன்கூட்டியே மதிப்பிடும் முறை அது. இந்தியாவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி மல்லம்பட்டி 1985இல் 210 நோயாளிகளிடம் ஆராய்ந்து வெளியிட்ட முறை. இன்று உலகெங்கும் மாணவர்கள் அவர் பெயராலேயே அதனைக் கற்கின்றனர்.

அடுத்து, "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பார். இங்கேதான் நம்மில் பலர் உண்மையை மறைக்கிறோம். "பாவம், பசியாயிருக்கிறாள்" என்று ஒளித்து இரண்டு இட்லி ஊட்டும் தாய்மார்கள் உண்டு. மயங்கியவருக்கு இருமித் தள்ளும் ஆற்றல் இல்லை. வயிற்றிலுள்ளது மேலெழுந்தால் நுரையீரலுக்குள் சென்றுவிடும். நியூயார்க்கில் கர்டிஸ் மெண்டல்சன், 44,016 பிரசவங்களை ஆராய்ந்து, 66 தாய்மார்களுக்கு இவ்வாறு நேர்ந்ததை 1946இல் வெளியிட்டார். பொதுவாக இலேசான உணவுக்கு 6 மணி நேரமும், எண்ணெயும் இறைச்சியும் கலந்த உணவுக்கு 8 மணி நேரமும், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி தேவை. அவரவர் மருத்துவர் சொல்வதே இறுதியானது. ஆடும் பல், ஆஸ்துமா, புகைப்பழக்கம், உட்கொள்ளும் மாத்திரை, முன்பு மயக்க மருந்தால் ஏற்பட்ட தொல்லை எதையும் வெட்கத்தாலோ அச்சத்தாலோ மறைக்கக் கூடாது. நாம் சொல்லும் பொய், பயிலும் மருத்துவருக்குப் பிழையான பாடமாகிறது. நம் பிள்ளைக்கோ ஆபத்தாகிறது.

"பயிற்சி மருத்துவர் தொடவே கூடாது" என்று நாம் அனைவரும் மறுத்துவிட்டால் நாளை கிராமத்துத் தாய்க்கு யார் இருப்பார்? மயக்க மருத்துவர் இல்லாமையால் அவசரச் சிசேரியன் தடைபட்ட இடங்கள் நாட்டில் பல இருந்தன. அதனால்தான் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வார மயக்க மருந்துப் பயிற்சித் திட்டத்தை மத்திய அரசு வகுத்தது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனும் மயக்கவியல், தீவிர சிகிச்சைப் பிரிவில் 2 வாரம் பயில வேண்டும். எந்தத் துறைக்குச் சென்றாலும், நின்றுபோகும் மூச்சைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்தவரே மருத்துவர்.

நமக்கும் உரிமையுண்டு. "தலைமாட்டில் நிற்கப்போகிறவர் யார்? அவருக்கு மேலே பொறுப்பானவர் உடனிருப்பாரா?" என்று பணிவுடன் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கற்பவருக்கு நாம் இடம் கொடுப்போம். கற்பிப்பவர் அருகில் நிற்கட்டும். கேட்டதற்கு நாம் உண்மையைச் சொல்வோம். இம்மூன்றும் சேர்ந்தால்தான் உறங்கியவர் நலமாகக் கண் விழிப்பார். இன்றே வீட்டிலுள்ள பெரியவர்களிடமும் தாய்மார்களிடமும் இதை எடுத்துரையுங்கள்.