முட்டுக்கழியில் நிற்கும் ஷட்டர்

சரக்கிருப்பு ஆய்வுக்காக மட்டாஞ்சேரி பஜார் சாலைக் கிடங்குகளுக்குச் செல்வது என் அலுவல்களில் ஒன்று. மிளகு, சுக்கு, ஏலம், அரிசி என மூட்டைகளை எண்ணுவோம், பதிவேட்டுடன் ஒப்பிடுவோம், காப்பீட்டுப் பத்திரம் நடப்பில் உள்ளதா எனப் பார்ப்போம். சென்ற மழைக்காலத்தில் ஒரு கிடங்கின் ஷட்டர் தோளளவு மட்டுமே உயர்ந்து, ஒரு மரக்கழியின் முட்டில் நின்றிருந்தது. சுமைத் தொழிலாளர்கள் அதன் கீழே குனிந்து சென்றுகொண்டிருந்தனர். உரிமையாளரிடம் கேட்டேன். "மூணு வருஷமா இப்படித்தான் சார் நிக்குது, ஒண்ணும் ஆகலையே" என்றார். உள்ளிருந்த ஒவ்வொரு மூட்டையும் எங்கள் பதிவேட்டில் இருந்தது. அந்தக் கழி மட்டும் எதிலும் இல்லை.

ஷட்டரை நாம் சுவரின் ஒரு பகுதியாகவே கருதிவிடுகிறோம். அது ஓர் இயந்திரம் என்பதே என் கருத்து. முற்காலக் கடைகளில் எண்ணிட்ட பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியில் செருகி அடைத்தார்கள். தவறி விழுந்தாலும் ஒரு பலகையின் எடைதான். ஷட்டரிலோ முழுத் தகட்டுத் திரையின் எடையையும் மேலுள்ள உருளையின் ஸ்பிரிங்குகள் தம் முறுக்கத்தால் தாங்குகின்றன. ஸ்பிரிங் தளர்ந்தால் அவ்வெடை தூக்குபவரின் முதுகின் மீதோ, கீழே நிற்பவரின் தலை மீதோ இறங்கும். காயலோரத்தின் உப்புக் காற்றும் ஈரமும் இரும்பை விரைவில் அரிக்கும் இவ்வூரில் இந்த அபாயம் பிற ஊர்களைவிட அதிகம்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. வேலையின்போது தொழிலாளி காயமுற்றால் முதலாளியே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. கவனக்குறைவால் ஓர் உயிர் போனால், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமளிக்கிறது. 'ஒண்ணும் ஆகலையே' என்பது அந்நாளில் எதிர்வாதமாகாது.

அதைவிடப் பலரும் அறியாதது ஒன்று உண்டு. தீ விபத்தில் வெளியேறும் கதவு உள்ளிருப்பவர் சாவியின்றித் திறக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்றும், மேலே உயரும் கதவையோ பக்கவாட்டில் நகரும் கதவையோ வெளியேறும் வழியாக அமைத்தல் கூடாது என்றும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. ஆகவே, ஷட்டர் ஒன்றே வாசலாக உள்ள கிடங்கில் தீக்காலத்துக்கு வாசலே இல்லை எனலாம். 1997 ஜூன் 13 அன்று தில்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டதற்கு, அடைக்கப்பட்ட வழியும் தாழிடப்பட்ட கதவும் பெருங்காரணம். இரவில் காவலாளியை உள்ளே வைத்து வெளியே பூட்டும் வழக்கம் உள்ளவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது காப்பீடு. கன்னக்களவுக் காப்பீட்டில், பலப்பிரயோகத்துடன் உட்புகுந்து நிகழ்ந்த திருட்டுக்கே இழப்பீடு உண்டு. பத்திரத்தின் வாசகத்தை அப்படியே கொள்ள வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. பூட்டு பழுதாகிக் கையால் தூக்கினாலே திறக்கும் ஷட்டர், திருடன் வந்து போனதற்கு எந்தத் தடயத்தையும் வைக்காது. தவணைகளைத் தவறாமல் செலுத்தியவர்கூட வெறுங்கையுடன் நிற்க நேரலாம். வங்கிக் கடனோ அப்படியே இருக்கும்.

"கட்டடம் வாடகைக்குத்தானே, உரிமையாளர் பார்த்துக்கொள்ளட்டும்" என்பது இங்கு வழக்கமான மறுமொழி. மட்டாஞ்சேரியில் தலைமுறை கடந்த வாடகைதாரர்கள் பலர் என்பதால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், இதற்கு ஒரு வழி சொல்கிறது. உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக்குப் பின்னும் உரிய காலத்தில் செய்யாவிடில், வாடகைதாரரே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் ஒப்பந்தம் வேறு விதமாகக் கூறாத வரை இது பொருந்தும். எழுத்து மூலமான ஒரு கடிதமே அதற்கு முதற்படி.

பராமரிப்பு பெருஞ்செலவுக்குரியதன்று. மாதமொரு முறை ஷட்டரைப் பாதி உயர்த்திக் கையை எடுங்கள், எவரும் கீழே நிற்க வேண்டாம். நின்ற இடத்திலேயே நின்றால் ஸ்பிரிங் சரி. சரிந்தாலோ தானே மேலேறினாலோ பழுதுபார்ப்பவரை அழையுங்கள். ஸ்பிரிங்கை நீங்களே கழற்றாதீர்கள். அதில் அடங்கியுள்ள முறுக்கம் கையை முறிக்க வல்லது. பக்கச் சட்டங்களில் படிந்த தூசியைத் துடைத்த பின்னரே கிரீஸ் இடுங்கள். அடிப்பட்டையில் நீர் தேங்குவதால் துரு அங்கேதான் தொடங்கும். மழைக்கு முன் மே மாதத்தில் சுரண்டி வண்ணம் பூசுங்கள். மோட்டார் ஷட்டராயின், மின்சாரம் நின்றால் கையால் திறக்கும் சங்கிலி இயங்குகிறதா எனப் பாருங்கள். நகரும் இரும்பு வாயிற்கதவுக்கு, தண்டவாளத்தின் இரு முனைகளிலும் தடுப்பு இருத்தல் அவசியம். அது இல்லாத கதவு தடம் விட்டுச் சாய்ந்தால் அருகில் விளையாடும் குழந்தைக்குத் தப்ப நேரமிராது.

வங்கிக்கும் இதே அளவுகோல்தான். எங்கள் கவனக்குறைவால் தீயோ திருட்டோ நேர்ந்தால், பாதுகாப்புப் பெட்டக வாடிக்கையாளருக்கு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை நாங்கள் பொறுப்பு என ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் விதித்துள்ளது. எங்கள் கதவுக்கு நாங்கள் பொறுப்பேற்பது போல, உங்கள் கதவுக்கு நீங்கள் பொறுப்பேற்பதே முறை.

இப்போது ஆய்வுக்குச் செல்லும்போது ஷட்டரைக் கடைசியாகப் பார்த்த தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். படிவத்தில் அதற்கு இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் இருப்புப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் அந்தத் தேதியை எழுதி வையுங்கள். கழியை இன்றே எடுத்துவிட்டு, பழுதுபார்ப்பவரை வரவழையுங்கள்.