உழைச்செல்வானும் உயர்ந்தவனே

மேனிலைத் தேர்வு முடிவு வந்ததும் கொங்கு நாட்டு இல்லங்களில் எழும் வினா ஒன்றே: "மருத்துவம் கிடைத்ததா?" கிடைக்காத பிள்ளையை, 'ஏதேனும் ஒரு மருத்துவமனைப் படிப்பு' என்று இடமுள்ள கல்லூரியில் சேர்த்துவிடுகிறோம். இது முறையன்று.

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பணிபுரியும் உழைச்செல்வானையும் ஒப்ப வைத்தார். அவ்வுழைச்செல்வானின் இற்றை வடிவங்களுள் ஒருவரே மருத்துவர் உதவியாளர். அமெரிக்க டியூக் பல்கலைக்கழகத்தில் 1965இல் தோன்றிய இப்படிப்பு, 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் தொடங்கப்பெற்றது. அமெரிக்காவில் இன்று இது பெரும்பாலும் முதுநிலைப் படிப்பு. ஓர் இளநிலைப் பட்டம் பெற்ற பின்னரே அதனை நாடுவர். நம் நாட்டிலோ பள்ளி முடித்தவுடன் இதுவே இளநிலைப் பட்டம். அங்கு முதிர்ந்து தெரிவதை இங்குப் பதினேழு வயதிலேயே தெரிய வேண்டியுள்ளது.

ஆதலின், மாணவச் செல்வங்களே, சேருமுன் வினவுங்கள்: பட்டம் பல்கலைக்கழக ஏற்புடையதா? பயிற்சிக்குக் கோவையிலுள்ளவை போன்ற பெருமருத்துவமனை இணைந்துள்ளதா? துணைமருத்துவத் தொழில்களுக்கென 2021இல் இயற்றப்பெற்ற நடுவணரசுச் சட்டத்தின் நெறிகளுக்கு அது இயைந்ததா? இப்பணி மருத்துவரின் மேற்பார்வைக்கு உட்பட்டது என்பதையும் உணருங்கள். மருத்துவராகாத ஏக்கத்தோடு சேர்பவர் என்றும் ஏங்குவர்; துணைநிற்கும் விருப்பத்தோடு சேர்பவரே நிறைவு காண்பர்.