கார் ஏ.சி-க்கு வருஷா வருஷம் கேஸ் போடுறீங்களா? முதல்ல லீக் எங்கேன்னு கேளுங்க!

சித்திரை பிறந்தால் பாளையங்கோட்டையில் எங்கள் சித்தப்பா வீட்டில் இரண்டு வேலைகள் தவறாமல் நடக்கும். மொட்டை மாடியில் வத்தல் போடுவது ஒன்று. காருக்கு ஏ.சி கேஸ் போடுவது இன்னொன்று.

மூன்று வருஷமாக இதே கதைதான். ஏப்ரலில் கேஸ் போட்டால் ஜில்லென்று இருக்கும். அடுத்த பங்குனிக்குள் காற்று மட்டும் வரும், குளிர்ச்சி வராது. கடைக்குப் போனால், "கேஸ் தீர்ந்துபோச்சு அண்ணாச்சி" என்பார்கள். சித்தப்பாவும் காசு கொடுத்துவிட்டு வருவார். இந்த மே மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஆச்சியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தோம். சேரன்மகாதேவி தாண்டியதும் பானெட்டுக்குள் கிரீச்சென்று ஒரு சத்தம், பின்னாலேயே ரப்பர் கருகும் வாசனை. ஏ.சி கம்ப்ரசர் இறுகி, பெல்ட் அறுந்துவிட்டது. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது என்பதால், வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. உச்சி வெயிலில், 80 வயது ஆச்சியோடு, ரோட்டோர மரத்தடியில் ஒன்றரை மணி நேரம்.

வேறொரு மெக்கானிக் கழற்றிப் பார்த்துச் சொன்ன காரணம் இதுதான்: கண்டன்சருக்குப் போகும் பைப் இணைப்பில் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. மூன்று வருஷமாக அந்த வழியாகத்தான் கேஸ் போயிருக்கிறது. கேஸோடு சேர்ந்து கம்ப்ரசரின் ஆயிலும் போயிருக்கிறது. சில ரூபாய் ரப்பர் வளையத்தைத் தேடாததால், கம்ப்ரசரையே மாற்ற வேண்டிய நிலை.

இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

கேஸ் பெட்ரோல் மாதிரி தீராது

ஏ.சி-யில் கேஸ் எரிவதில்லை, செலவாவதும் இல்லை. கம்ப்ரசர் அதை அழுத்தி அனுப்பும். வண்டியின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும். பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குப் போய், காருக்குள் இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி கம்ப்ரசருக்கு வரும். அதே கேஸ்தான் மூடிய பாதையில் சுற்றிச் சுற்றி வருகிறது.

ரப்பர் ஓஸ்கள், சீல்கள் வழியாக வருஷத்துக்குச் சில கிராம் கசிவது இயல்பு. ஐரோப்பிய யூனியன் 2006-ல் கொண்டுவந்த விதியே ஒரு கூலிங் காயில் உள்ள காருக்கு வருஷத்துக்கு 40 கிராம் கசிவை உச்ச வரம்பாக வைத்தது. சின்னக் கார்களில் மொத்தம் சுமார் 350 முதல் 500 கிராம் வரை கேஸ் இருக்கும். நல்ல நிலையில் இருக்கும் ஏ.சி பல வருஷங்கள் கேஸ் போடாமலே ஓட வேண்டும். ஒரே வருஷத்தில் குளிர்ச்சி போகிறது என்றால், அந்த கேஸ் எங்கேயோ ஓர் ஓட்டை வழியாக வெளியே போகிறது.

முதலில், இது லீக்தானா?

குளிர்ச்சி குறைந்தாலே கேஸ் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வீட்டிலேயே சிலவற்றைக் கவனிக்கலாம்.

* ஹைவேயில் ஓடும்போது குளிர்கிறது, வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றால் குளிர்ச்சி போகிறதா? கண்டன்சர் ஃபேன் ஓடாமல் இருக்கலாம், அல்லது கண்டன்சரில் தூசி அடைத்திருக்கலாம்.
* காற்றே குறைவாக வருகிறதா? டேஷ்போர்டுக்குள் இருக்கும் கேபின் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள்.
* நிறுத்திய காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா? பயப்பட வேண்டாம். கூலிங் காயிலில் காற்றின் ஈரம் படிந்து வடியும் தண்ணீர் அது. கேஸ் லீக் ஆனால் தண்ணீராகச் சொட்டாது. அந்தத் தண்ணீர் காருக்குள் கால் வைக்கும் இடத்தில் வந்தால், வடிகால் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.
* கம்ப்ரசர் 'டக்... டக்' என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை ஓடி ஓடி நிற்கிறதா? குளிர்ச்சி மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்ததா? அப்படியானால் லீக் மேல் சந்தேகப்படலாம்.
* பானெட்டைத் திறந்து ஏ.சி பைப் இணைப்புகளைப் பாருங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால், பெரும்பாலும் லீக் அங்கேதான். கேஸோடு ஆயிலும் சேர்ந்து சுற்றுவதால், கேஸ் போகும் வழியில் ஆயில் தடம் விட்டுப் போகும்.

பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த நட்டையும் கழற்ற வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் திரவம் கண்ணிலோ தோலிலோ பட்டால், அந்த இடத்தை உறையவைத்துக் காயப்படுத்திவிடும்.

கடையில் எப்படித் தேட வேண்டும்?

பல இடங்களில் கேஜை மாட்டி, முள்ளைப் பார்த்து, "கேஸ் கம்மி" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த முள்ளை மட்டும் நம்ப முடியாது. 35 டிகிரி வெயிலில் இன்ஜின் ஓடாமல் நிற்கும் காரில் கேஜ் சுமார் 115 பி.எஸ்.ஐ காட்டும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் அதைத்தான் காட்டும், 300 கிராம் இருந்தாலும் அதைத்தான் காட்டும். கொஞ்சமாவது திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலைதான். கேஸின் அளவைத் தெரிந்துகொள்ள, உள்ளே இருப்பதை மெஷினில் உறிஞ்சி எடுத்து எடை போடுவதே சரியான வழி. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்.

லீக்கைக் கண்டுபிடிக்கும் வழிகள் இவை:

சோப்புத் தண்ணீர்: இணைப்புகளில் தடவினால் குமிழ் வரும். பெரிய லீக்குக்கு மட்டுமே உதவும்.

எலெக்ட்ரானிக் டிடெக்டர்: கேஸ் இருக்கும் இடத்துக்கு அருகில் கொண்டுபோனால் சத்தம் போடும். கேஸ் காற்றைவிட கனமானது என்பதால், இணைப்புகளுக்குக் கீழ்ப்பக்கம் மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.

ஒளிரும் சாயம்: ஆயிலோடு கொஞ்சம் சாயம் கலந்து சில நாள் வண்டியை ஓட்டச் சொல்வார்கள். பிறகு இருட்டில் அல்ட்ரா வயலட் டார்ச் அடித்தால், லீக் ஆன இடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். மெதுவான லீக்குக்கு இது நல்ல வழி.

நைட்ரஜன்: கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜனை அழுத்தத்தில் நிரப்பி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. சாதாரண ஏர் கம்ப்ரசர் காற்றை அடிக்க விடாதீர்கள். அதில் இருக்கும் ஈரம் உள்ளே போய் ஆயிலையும் பாகங்களையும் கெடுத்துவிடும்.

"வேக்கம் போட்டேன், முள் நிக்குது, லீக் இல்ல" என்று சிலர் சொல்வார்கள். வேக்கத்தில் வெளிக்காற்று உள்ளே தள்ளும் அழுத்தம் சுமார் 15 பி.எஸ்.ஐ மட்டுமே. ஏ.சி ஓடும்போது உயர் அழுத்தப் பக்கம் 200 பி.எஸ்.ஐ-யைத் தாண்டும். வேக்கத்தில் மூடிக்கொண்டிருக்கும் ஓட்டை, வண்டி ஓடும்போது திறந்துகொள்ளும். வேக்கம் போடுவதன் முக்கிய வேலை, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேற்றுவது.

எல்லா இடத்திலும் தேடிக் கிடைக்கவில்லை என்றால், கேஸ் போடும் வால்வின் பின்னையும் அதன் மூடியையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த சந்தேகம் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். அதைக் கழற்றுவது பெரிய வேலை. கழற்றும் முன், தண்ணீர் வடியும் குழாய் வாயிலும் ஏ.சி காற்று வரும் வழியிலும் டிடெக்டரை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நம்ம ஊர் கார்களுக்கு என்ன ஆபத்து?

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேர்கிறது. அந்த வழி முழுக்கப் போய்வரும் காருக்கு எல்லாச் சோதனையும் உண்டு. மாஞ்சோலை மாதிரி கரடுமுரடான மலைப் பாதையில் பைப் இணைப்புகள் அதிரும். கல், ஜல்லி ஏற்றிய லாரிக்குப் பின்னால் போனால் கண்டன்சரில் கல் தெறிக்கும். திருச்செந்தூர், உவரி பக்கம் உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ மழை கொட்டியது. திருநெல்வேலி சந்திப்பு, சிந்துபூந்துறை என்று ஆற்றோரப் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. வெள்ளத்தில் நின்ற கார்களில் கண்டன்சரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே சேறு தங்கியிருந்தால், அது ஈரத்தைப் பிடித்துவைத்து மெதுவாக அரிக்கும். அந்தச் சமயத்தில் மூழ்கிய காரை வைத்திருந்தாலோ, பழைய கார் வாங்கப்போனாலோ கண்டன்சரின் கீழ் ஓரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, குற்றால சாரல் காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஜன்னலைத் திறந்துவிட்டு, ஏ.சி-யையே மறந்துவிடுவோம். ஓடாத கம்ப்ரசரின் சீலுக்கு ஆயில் போகாது. அது காய்ந்தால் கசியும். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் ஏ.சி-யைப் போட்டுவிடுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

லீக்கை அடைக்கும் என்று விற்கும் கெமிக்கலை ஊற்ற வேண்டாம். அது எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்து வேறு செலவு வைக்கலாம். மலிவு என்று சமையல் கேஸ் மாதிரி எரியும் வாயுவைப் போட விடாதீர்கள். டேஷ்போர்டுக்குள் லீக் ஆனால் அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் நிரம்பும். லீக்கைச் சரிசெய்யப் பைப்பைத் திறந்தால், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றச் சொல்லுங்கள்.

போகும் கேஸ் எங்கே போகிறது?

நம் ஊரில் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ. ஓசோனைத் துளையிட்ட பழைய ஆர்-12-க்குப் பதிலாக வந்தது இது. ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு. அரை கிலோ கேஸ் காற்றில் கலப்பது, சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் 2016 கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. வெயில் தாங்காமல் நாம் போடும் கேஸ், லீக் ஆகி வெயிலையே கூட்டுகிறது.

அடுத்த முறை "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று சொன்னால், காசை எடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். லீக் எங்கே, காட்டுங்க? உள்ளே எத்தனை கிராம் இருந்துச்சு, எத்தனை கிராம் போட்டீங்க? ஆயில் எவ்வளவு போட்டீங்க? பதில் சொல்லும் கடையில் வண்டியை விடுங்கள். பதில் சொல்லாத கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சித்தப்பா இப்போது அந்த மூன்றையும் துண்டுச் சீட்டில் எழுதி ஆர்.சி புக்கோடு வைத்திருக்கிறார். ஆச்சிக்கு அடுத்த செக்கப் ஆடியில். கார் ரெடி. ஆனாலும் ஆச்சி, "பஸ்லயே போயிருவோம்ல" என்கிறார்.