உச்சிப் பொழுது யாருக்குச் சொந்தம்?

மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், தஞ்சை வட்டாரத்தில் விடியும்போதே வயல்களில் ஆள்நடமாட்டம் தெரியும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு குழுவாக நடும் பெண்கள், வெயில் ஏறுமுன் பெரும்பகுதி வேலையை முடித்துவிடப் பார்ப்பார்கள். நாள்கூலியில் இந்த வசதி கிடையாது. அங்கே விலை பேசப்படுவது நேரம். ஒப்பந்த நடவில் விலை பேசப்படுவது வேலை. நெடுங்காலம் பொருளியல் கற்பித்த எனக்கு இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றவில்லை.

இன்று டெல்டா இளைஞர்கள் பலர் எந்த நிறுவனத்திலும் சேராமல், வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, மென்பொருள் போன்ற பணிகளைச் செய்கின்றனர். உடலில் ஊக்கம் மிகுந்த வேளையில் கடினமான பணியையும், சோர்வு தட்டும் வேளையில் எளிய பணியையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே அவர்களுக்கு எங்கும் சொல்லப்படும் அறிவுரை. அதில் பிழையில்லை. உடலுக்குள் இயங்கும் கடிகாரத்தை விளக்கிய மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசே கிடைத்தது. பிற்பகல் மயக்கத்துக்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால், நியூயார்க்கில் கோடைக்காலக் காலை 9 மணி நமக்கு மாலை 6.30. மணிக்கணக்கில் ஊதியம் பெற்று, அழைத்தவுடன் பதில் தர வேண்டியவர் தம் உடற்கடிகாரத்தை எங்கே வைப்பது? பெயரளவில் அவர் சுதந்திரர், நடைமுறையில் நாள்கூலி. உணவு விநியோகிப்பவரின் நிலை இன்னும் மோசம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அறிவித்த தமிழ்நாட்டில், ஆர்டர்கள் குவிவதும் ஊக்கத்தொகை கூடுவதும் நண்பகலில்தான்.

தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுக்கவே, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அங்கே எதிர்க்கத் தொழிற்சங்கங்கள் இருந்தன. தனித்தனியே பணிபுரிவோருக்கு யார்? 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு கிக் தொழிலாளரை அங்கீகரிக்கிறது. அவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு விதிப்பது அதன் வேலையன்று.

வீட்டிலிருந்து பணிபுரிவோர் மணிக்கு அல்லாமல் பணிக்கு விலை பேசுவதும், பதில் தரும் நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதும் முதற்படி. புதிதாக வருபவருக்கு அந்தப் பேரவலிமை இராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விநியோகத் தொழிலாளருக்கோ அரசுதான் துணை நிற்க முடியும். வெப்ப எச்சரிக்கை நாள்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஆர்டரை மறுப்பவருக்கு வருமானமோ தரமதிப்பீடோ குறையக் கூடாது என்று, அவர்களுக்கென அமைக்கப்பட்டுள்ள நலவாரியத்தின் வழியாக விதி வகுக்கலாம். அடுத்த கோடைக்கு முன்பே அதைச் செய்ய வேண்டும்.