காத்தும் வெயிலும் பங்காளிங்க, பகையாளிங்க இல்ல

"காத்தாடிய நம்பினா கரண்ட் வராது, சோலார் ராத்திரி தூங்கிடும்." பவர்கட் பத்தி பேச்சு வந்தாலே இந்த டயலாக்கை எடுத்து விட்டுடறாங்க நம்ம மக்கள். ரெண்டும் உண்மைதான். ஆனா ரெண்டையும் தனித்தனியா வெச்சு அடிக்கிறீங்களே, சேர்த்து வெச்சு யோசிச்சீங்களா?

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போயிருக்கீங்களா? மே முதல் செப்டம்பர் வரை கணவாய்க்காத்து ஆளையே தள்ளும். ராத்திரியிலும் விடாது. ஜனவரியில போனா பாதி காத்தாடி சும்மா நிக்கும். காத்தோட வேகம் பாதியானா கிடைக்கிற சக்தி எட்டுல ஒண்ணாயிடும், அதான் பிசிக்ஸ். ஆனா அதே ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெயில் மண்டையப் பொளக்கும். ஒருத்தர் லீவ் போட்டா இன்னொருத்தர் ஷிஃப்ட் பார்க்கிறார். எங்க ஆபீஸ்ல இப்படி ரெண்டு சர்வர் போட்டா "ஆஹா, லோட் பேலன்சிங்"னு கைதட்டுவாங்க!

அடுத்தது துட்டு. காத்தாடிக்குப் போட்ட லைன், சப்ஸ்டேஷன் எல்லாம் சீசன் முடிஞ்சா பெரும்பாலும் காலியாத்தான் கிடக்கு. பக்கத்துலயே சோலார் பேனல் வெச்சா அதே கம்பியில கரண்ட் ஓடும். புதுசா டவர் நட வேணாம். நிழல் விழுமேன்னு கேப்பீங்க. எங்க விழும்னு முன்னாடியே கணக்குப் போட்டு பேனலைத் தள்ளி வெச்சுக்கலாம்.

நான் ஒண்ணும் புதுசா சொல்லலை. மத்திய அரசோட காற்று-சூரிய ஹைப்ரிட் கொள்கை 2018-லயே வந்தாச்சு. ஒண்ணோட திறன்ல குறைஞ்சது 25 சதவீதமாவது இன்னொண்ணு இருந்தாத்தான் அதுக்கு ஹைப்ரிட்னு பேர். ஆனா நம்ம ஊர்ல என்ன நடந்துச்சு? காத்தாலை மட்டும் 10 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல. 2016-ல கமுதியில 648 மெகாவாட் சோலார் பார்க். பெருமைதான். ஆனா காத்து தெற்குக் கணவாயில, சோலார் ராமநாதபுரத்துல. ஆளுக்கொரு லைன், ஆளுக்கொரு செலவு.

சரி, ஹைப்ரிட் போட்டா எல்லாம் தீர்ந்துடுமா? தீராது. வடகிழக்குப் பருவமழையில, நவம்பர் மாசம் சாயங்காலம் ஏழு மணிக்கு காத்தும் இருக்காது, சூரியனும் இருக்காது. அங்கதான் சேமிப்பு வேணும். அதுக்கும் நம்மகிட்டயே உதாரணம் இருக்கு: காடம்பாறை. 400 மெகாவாட். கரண்ட் மிச்சமிருக்கும்போது தண்ணிய மேல ஏத்தி, தேவைப்படும்போது கீழ விட்டு எடுக்கிறாங்க. 1980-கள்லயே செஞ்ச வேலைங்க இது!

2012-ல பல ஊர்ல பாதி நாளுக்கு மேல இருட்டுல கிடந்தோம், மறந்துடாதீங்க. அதனால அடுத்த தடவை எவராவது "புது காத்தாலை", "புது சோலார்"னு தனித்தனியா ரிப்பன் வெட்டினா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஐயா, இந்த லைன் வருஷத்துல எத்தனை மாசம் சும்மா கிடக்கும்?"

பதில் சொல்ல முடியலைன்னா, அந்த துட்டு நம்ம கரண்ட் பில்லுலதான் வந்து உக்காரும் :-)