குறைமாசப் பிள்ளைக்கு வாக்கர் வாங்கிட்டு வராதீங்க

இந்த வாரம் உளுந்து விதைப்பு பத்தி எழுதலாம்னு இருந்தேன். ஆனா மனசுல கிடக்குறதை முதல்ல கொட்டிடறேன்.

என் மகள் வயித்துப் பேத்தி 32 வாரத்துலயே பிறந்தவ. அவளுக்கு எட்டு மாசம் ஆனப்போ சென்னையில இருந்து வந்த என் மச்சினன், "என்னத்தான், இன்னும் உட்காரலையா? எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டு மாசத்துல தவழுதே"ன்னு கேட்டான். கையில சக்கரம் வச்ச வாக்கர் வேற. அன்னிக்கு ராத்திரி முழுக்க என் மகள் அழுதா.

படிச்ச உங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். பிள்ளை வயித்துல இருக்க வேண்டியது 40 வாரம். 32-ல பிறந்தா 8 வாரம் குறையுது. பிறந்த நாள்ல இருந்து எட்டு மாசம்னா, அந்த ரெண்டு மாசத்தைக் கழிச்சு ஆறு மாசம்னுதான் பார்க்கணும். டாக்டருங்க இதைத் 'திருத்திய வயது'ம்பாங்க. ரெண்டு வயசு வரைக்கும் இப்படித்தான் கணக்கு.

நிறைமாசப் பிள்ளைங்களே எல்லாம் ஒண்ணு போல வளர்றதில்ல. உலக சுகாதார நிறுவனம் இந்தியாவையும் சேர்த்து 5 நாட்டுப் பிள்ளைங்களைப் பார்த்து 2006-ல வெளியிட்ட கணக்குல, சிலது நாலு மாசத்துல உட்காருது, சிலது ஒன்பது மாசத்துல. நடக்கிறதும் எட்டு மாசத்துல இருந்து பதினேழரை மாசம் வரைக்கும் போகுது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை வச்சு எதை அளக்குறீங்க?

அந்த வாக்கரைப் பரண்ல போட்டுட்டேன். கனடாவுல 2004-லயே அதை விக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. அவ்வளவு பிள்ளைங்க விழுந்து அடிபட்டிருக்கு. அது நடக்கவும் கத்துத் தராது. பிள்ளைக்கு வேணுங்கிறது தரை. முழிச்சிருக்கும்போது பாய்ல குப்புறப் போட்டு, பக்கத்துலயே ஆள் உட்காரணும். கழுத்தும் தோளும் அப்படித்தான் பலப்படும். தூங்க வைக்கும்போது மட்டும் மல்லாக்க.

இதைச் சொன்னா எங்க ஊர்ப் பெருசுங்க, "தானா சரியாயிடும், விடு"ங்குறாங்க. அவங்களோடயும் எனக்குச் சண்டைதான். மாசம் நிறையாம போட்ட கன்னு எழுந்து நிக்க நேரமாகும்தான். அதுக்காகத் தொழுவத்துல அப்படியே விட்டுட்டா வந்துடுறோம்? திருத்திய வயசுல நாலு மாசம் ஆகியும் தலை நிக்கலையா, கை எப்பவும் மூடியே இருக்கா, கால் விறைச்சுக் கத்திரிக்கோல் மாதிரி பின்னுதா, ஒரு வயசுக்குள்ளயே ஒரே கையை மட்டும் நீட்டுதா, உடனே டாக்டர்கிட்ட காட்டணும். 2013-ல வந்த தேசிய சிறார் நலத் திட்டத்துல மாவட்டத்துக்கு ஒரு இடையீட்டு மையம் அரசு ஆஸ்பத்திரியிலயே வச்சிருக்காங்க. காசு கிடையாது. நாங்க மாசம் ஒரு தடவை பஸ் ஏறிப் போறோம். பிள்ளையை எப்படித் தூக்கணும், எப்படிப் புரட்டணும்னு அங்கதான் என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க.

போன வாரம், பிறந்து பத்து மாசத்துல, அதாவது அவ கணக்குக்கு எட்டுல, பேத்தி யாரும் பிடிக்காம உட்கார்ந்தா. கையில வெண்டைக்காய்.

அடுத்த தடவை குறைமாசப் பிள்ளையைப் பார்க்கப் போனா, "எத்தனை மாசம் ஆச்சு?"ன்னு கேட்காதீங்க. "நீ சாப்பிட்டியாம்மா?"ன்னு அந்தத் தாயைக் கேளுங்க. வாக்கருக்குக் கொடுக்குற காசுல ஒரு நல்ல கோரைப்பாய் வாங்கிட்டுப் போங்க.